"தி சோசன்" மூன்றாம் சீசன் இறுதி: சீமோன் படகை விட்டு இறங்கியது விசுவாசத்தினாலா, கோபத்தினாலா?

தென்கரைக்காரி

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தத் தொடரின் மூன்றாம் சீசனில் கடைசியான எட்டாவது எபிசோடை நேற்றிரவு பார்த்து முடித்தேன். இன்னும் பார்க்காதவர்கள் இந்த இழையை இப்போதே மூடிவிடுங்கள். கதையை முழுவதும் போட்டு உடைத்துத்தான் பேசப் போகிறோம்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்கும் காட்சி அழகாகவே வந்திருக்கிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்குப் பின் வரும் படகு. சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதான். பேதுரு தண்ணீரில் நடந்தான், காற்றைப் பார்த்தான், பயந்தான், அமிழ்ந்தான். "அற்ப விசுவாசியே" என்று ஆண்டவர் கேட்டார். கதை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இங்கே அப்படி இல்லை. சீமோன், அதாவது அதே பேதுரு, பல எபிசோடுகளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறான். அவன் ஊழியத்துக்காக வெளியூர் போயிருந்தபோது மனைவி ஈடனின் கரு கலைந்துவிட்டது. ஊரெல்லாம் குணமாக்குகிற குரு தன் வீட்டை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்பதுதான் அவனுடைய கேள்வி. நடுக்கடலில் "நீரே ஆனால் என்னை வரச் சொல்லும்" என்று அவன் சொல்லும்போது அந்தக் குரலில் விசுவாசத்தைவிட வம்புதான் அதிகம். கடைசியில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "விட்டுவிடாதீர்" என்று திரும்பத் திரும்ப அழுகிறானே, அந்த இடத்தில் நானும் உடைந்துவிட்டேன்.

வேதத்தில் இந்தக் கோபம் இல்லை. அந்தக் குழந்தையும் இல்லை. சேர்த்தது சரியா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய ஏற்பாடு

சரியில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு நீங்கள் எல்லாரும் என்மேல் பாயலாம்.

மத்தேயு 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பேதுருவின் மனைவி அங்கே இல்லை. அவனுக்கு மாமியார் இருந்ததாக மாற்கு சொல்கிறார். மனைவியை அழைத்துக்கொண்டு அவன் ஊழியத்துக்குப் போனதாகக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. ஈடன் என்பது எழுத்தாளர்கள் வைத்த பெயர், தமிழ் வேதத்தில் அதே சொல் ஏதேன்.

இரண்டாவது, இடம். இவர்கள் அப்பக் காட்சியைத் தெக்கப்போலியில், அதாவது யூதரல்லாதோர் அதிகம் வாழ்ந்த பகுதியில், வைத்துவிட்டார்கள். லூக்கா பெத்சாயிதா என்கிறார். தெக்கப்போலியில் செவிடனுடைய காதைத் திறந்தது மாற்கு 7ஆம் அதிகாரம். அதைத் தொடர்ந்து 8ஆம் அதிகாரத்தில் வருவது நாலாயிரம் பேருக்கு ஏழு அப்பம், மீதி ஏழு கூடை. ஐயாயிரமும் பன்னிரண்டு கூடையும் வேறு சம்பவம். ஏழாவது எபிசோடில் செவிடனைக் காட்டிவிட்டு எட்டாவதில் ஐயாயிரம் பேரை அதே இடத்தில் உட்கார வைத்தால், இரண்டு அற்புதங்களையும் ஒன்றாகக் கலக்கிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

அதோடு இந்த சீசனில் அவன் இன்னும் சீமோன்தான். பேதுரு என்ற பெயர் நான்காம் சீசனில்தான் கிடைக்கிறது. இழையில் எல்லாரும் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுகிறீர்கள்.

ஒளியும் ஒலியும்

ஐயா, அந்த இட மாற்றம் கவனக்குறைவால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. தெக்கப்போலியில் கூடியிருந்தது கிரேக்கர், சீரியர், நபத்தேயர், யூதர் எல்லாரும் கலந்த கூட்டம். ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளத் தயாராக நிற்கிறார்கள். இயேசு அவர்களுக்கு நடுவே நின்று சண்டை தீர்க்கிறார், நோய் தீர்க்கிறார், கடைசியில் சோறும் போடுகிறார். இதையெல்லாம் கூடையைச் சுமந்துகொண்டு பார்க்கிறவன் யார்? வீட்டில் குழந்தையை இழந்த சீமோன். அந்நியருக்கு நேரம் இருக்கிறது, எனக்கு இல்லையா என்று அவன் தண்ணீர் நடுவில் வெடிப்பதற்கு இந்தக் கூட்டம்தான் வெடிமருந்து. கூட்டத்தில் யூதர் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கோபத்தில் பாதி போயிருக்கும்.

படமெடுத்த விதத்தைப் பற்றியும் கொஞ்சம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் துணை நடிகர்கள் அல்லர், ரசிகர்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்லோதியன் என்ற ஊரில், 2022 கோடையில், தாங்களே தைத்த உடைகளோடு ஆயிரக்கணக்கில் வந்து வெயிலில் உட்கார்ந்தவர்கள். தொடரே மக்களிடம் திரட்டிய பணத்தில் தொடங்கியது. முதல் சீசனுக்கு மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அப்பம் கைமாறும்போது அந்த முகங்களில் தெரிகிற களிப்பில் நடிப்பு எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குறையும் உண்டு. முதல் பாதி இழுவை. ஒரே உவமையைப் பற்றி ஆளுக்கு ஆள் விவாதிப்பதில் பத்து நிமிடத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

மணல்மேட்டு வலைஞன்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலை நம்பியிருக்கிறது. இறையியல் எனக்கு அதிகம் தெரியாது. படகைப் பற்றிச் சொல்கிறேன்.

கலிலேயாக் கடல் என்பது ஏரி. 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் மேடு. மேற்கே இருந்து இறங்குகிற காற்று, சொல்லாமல் கொள்ளாமல் வந்து தண்ணீரைக் கிளப்பிவிடும். 1986இல் மழையில்லாமல் ஏரி வற்றியபோது மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றுக்குள் ஒரு பழைய படகைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்துப் படகு. நீளம் 8 மீட்டர் சொச்சம், அகலம் இரண்டேகால் மீட்டர். கினோசாரில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரை ஏற்றினால் எழுந்து நிற்பதே பெரிய பாடு. பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு வலிக்கிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் விளிம்புக்குப் போகமாட்டார்கள். ஒருவன் எழுந்தால் பக்கத்தில் இருக்கிறவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பான்.

இப்போது யோசியுங்கள். படகில் மத்தேயு இருக்கிறான். அவன் வரி வாங்கியவன், அவனுக்குக் கடல் தெரியாது. அவன் இறங்கினால் அறியாமை என்று விட்டுவிடலாம். இறங்கியது சீமோன். அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன், எந்தக் காற்றில் எது நடக்கும் என்று தெரிந்தவன். நீச்சலும் தெரிந்தவன், யோவான் கடைசி அதிகாரத்தில் ஆண்டவரைக் கரையில் கண்டதும் மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறானே. அப்படிப்பட்டவன் அந்தக் காற்றில் காலை வெளியே வைக்கிறான் என்றால் ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது உயிரைவிடப் பெரிய ஏதோ ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருக்க வேண்டும். மத்தேயு காரணத்தை எழுதவில்லை. இவர்கள் ஒரு காரணத்தை வைத்தார்கள். கடற்கரையில் பிறந்த எனக்கு அது பொருந்துகிறது.

ஒரே குறை, அலை. தொட்டியில் எடுத்த அலை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அது அடிக்கிறது, ஆனால் தூக்கவில்லை. உண்மையான காற்றில் படகு மேலே ஏறி, ஒரு நொடி நின்று, பிறகு விழும். அந்த ஒரு நொடியில்தான் வயிறு கலங்கும்.

எஸ்தர் அம்மா

எல்லாரும் சீமோனைப் பற்றியே பேசுகிறீர்கள். குழந்தையை இழந்தவள் ஈடன்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. வருடங்கள் ஆகிவிட்டன, எனவே யாரும் ஆறுதல் எழுத வேண்டாம். சீமோன் ஊழியத்திலிருந்து திரும்பி வந்து கதைகதையாகச் சொல்கிறான், ஈடன் பாத்திரத்தைத் துடைத்தபடி சிரிக்கிற மாதிரி இருக்கிறாள், சொல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகத்தை எனக்குத் தெரியும். இந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு உண்மையாக நடிக்கவில்லை.

ஆனால் முடிவைப் பாருங்கள். கணவனுக்குப் புயல், கடல், நேருக்கு நேர் சண்டை, கட்டிப்பிடித்து அழ ஒரு தோள். மனைவிக்குக் கப்பர்நகூமில் ஒரு சடங்குக் குளம். அவள் மூழ்கி எழுகிறாள், அங்கே அவன் மூழ்கித் தூக்கப்படுகிறான், இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அவளிடம் யாரும் வந்து பேசவில்லை. அவளுக்கு ஒரு வார்த்தைகூட நேரில் கிடைக்கவில்லை. அவளுடைய வலி அவனுடைய விசுவாசத்துக்குப் படிக்கட்டாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். அவன் தண்ணீரில் நின்று கேட்கும்போது ஆண்டவர் சோதனைகள் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் என்ற பொருளில் பதில் சொல்கிறார். எனக்கு அந்த நேரத்தில் திரையை அணைத்துவிடலாம் போல இருந்தது. அதையேதான் என் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

தென்கரைக்காரி

அக்கா, குளத்துக் காட்சியை நான் வேறு மாதிரி பார்த்திருந்தேன். அவளாகவே எழுந்து போகிறாள், யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன பிறகு அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

யாழ் பாஸ்கா மேடை

நாங்கள் கத்தோலிக்கர். இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகம் போட்டு வளர்ந்தவர்கள். அதனால் "வேதத்தில் இல்லை" என்ற வாதம் எங்களிடம் அவ்வளவாக எடுபடாது.

இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாகத் தியானிக்கிற சிலுவைப் பாதையில் ஆறாம் நிலை எது? வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார். நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பாருங்கள், வெரோனிக்கா கிடைக்கமாட்டார். ஆனால் தவக்காலத்தில் உலகம் முழுவதும் அந்த நிலையில் முழந்தாளிடுகிறோம். இதே தொடரில் இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமாகிற இரத்தப்போக்குள்ள பெண்ணுக்கு வெரோனிக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதுவும் பழைய மரபுதான். கடைசி எபிசோடுக்கு முன்னால் ஈடனுக்குத் தோழியாக வருவதும் அவரேதான்.

பழைய ஏற்பாடு ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் வருகிறார்கள்? மூன்று பேர்தானே? மத்தேயு எண்ணிக்கை சொல்லவே இல்லை.

பழைய ஏற்பாடு

மூன்று பேர்தான் வருகிறார்கள். ஆண்டுதோறும் நான் அதற்கும் ஆட்சேபம் தெரிவித்து வருகிறேன். கமிட்டி கேட்பதில்லை.

என் கவலையை நீங்கள் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்று சாஸ்திரிகள் ஒரு எண்ணிக்கைப் பிழை. யாருடைய உள்ளத்தையும் அது மாற்றி எழுதவில்லை. இங்கே அப்போஸ்தலனுடைய மனதையே மாற்றி எழுதுகிறார்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் கையைத் தூக்கி, "ஏதேன் அக்காவுக்குக் குழந்தை இறந்தது எந்த அதிகாரம் ஐயா?" என்று கேட்டான். ஏதேன் தோட்டத்துக்கும் பேதுருவின் வீட்டுக்கும் வித்தியாசம் சொல்லவே எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. வெரோனிக்கா நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டு வந்தார். ஈடன் ஒரே சீசனில் வந்துவிட்டாள்.

ஆண்டவர் தண்ணீரில் நடந்ததை மாற்கும் யோவானும் எழுதியிருக்கிறார்கள். பேதுரு இறங்கியதை எழுதியவர் மத்தேயு ஒருவர்தான். ஒரே ஒரு சாட்சி எழுதிவைத்ததை அப்படியே விடுவதற்கு என்ன தடை?

மருதநிலத்தான்

நான் கிறிஸ்தவன் அல்லன். நண்பன் சொல்லிப் பார்த்தேன், மூன்று சீசனையும் விடாமல் பார்த்துவிட்டேன். வெளியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா?

வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பர் அதை மாற்றினார். தொடாமல் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப் போனான் என்று பாடினார். கம்பர் சேர்த்ததும் விட்டதும் ஏராளம். அதற்காகக் கம்பரை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. சொன்னவர்களும் பாடலை மனப்பாடம் செய்யாமல் விடவில்லை. 1987இல் தூர்தர்ஷனில் இராமாயணம் ஓடியபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டவர்களும் உண்டு. பக்திக் கதை திரைக்கு வந்தால் இதெல்லாம் நடக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு. இந்தத் தொடரில் கடவுளிடம் ஒருவன் கோபித்துக்கொள்கிறான், அவனை யாரும் தண்டிக்கவில்லை. எங்கள் பக்கம் நிந்தாஸ்துதி என்று ஒரு வகையே உண்டு. பிச்சைக்காரா, பித்தா என்றெல்லாம் திட்டிப் பாடி, அதையே கோயிலில் ஓதுவார்கள். உங்களிடமும் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

யாழ் பாஸ்கா மேடை

இருக்கிறது. அந்த எபிசோடே அதில்தான் தொடங்குகிறது. யாரும் இன்னும் அதைத் தொடவில்லை என்பது ஆச்சரியம்.

முதல் காட்சியில் தாவீது ராஜாவின் காலத்துக்குப் போகிறார்கள். ஆசாப் தான் எழுதிய சங்கீதத்தை, அதாவது பழைய ஏற்பாட்டுப் பாடல் ஒன்றை, கொண்டு வருகிறான். அது 77ஆம் சங்கீதம். புரொட்டஸ்டண்ட் நண்பர்கள் படிக்கிற மொழிபெயர்ப்பில் 9ஆம் வசனம் இப்படி: "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" ஒரு விசுவாசி, அதுவும் ஆலயப் பாடகன், கேட்கிற கேள்வி. தூங்கவிடாமல் என் இமைகளைப் பிடித்திருக்கிறீர் என்றும் அவன் புலம்புகிறான். பிறகு செங்கடலை நினைக்கிறான். முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது: "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படவில்லை."

எபிசோடு முழுவதற்கும் இதுதான் வரைபடம். சீமோன் கேட்பதும் ஆசாப் கேட்டதும் ஒரே கேள்வி. அதனால் பழைய ஏற்பாடு ஐயாவிடம் மரியாதையோடு சொல்கிறேன்: அந்தக் கோபத்தை எழுத்தாளர்கள் வானத்திலிருந்து கொண்டு வரவில்லை. அதை உங்கள் பெயரிலேயே இருக்கிற புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

மணல்மேட்டு வலைஞன்

இது அடி!

பழைய ஏற்பாடு

அடி பட்டது. வாதம் விழவில்லை. ஆசாப் சங்கீதத்தில் கோபப்படட்டும், ஆசாப்பின் பெயரில் அது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பேதுருவின் வாயில் வைக்க யார் அனுமதி கொடுத்தார்கள்?

ஆனால் இந்த எபிசோடில் ஒன்று எனக்குப் பிடித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சோதனை விசுவாசத்தின் தரத்தைக் காட்டும் என்று ஆண்டவர் தண்ணீர்மேல் நின்று சொல்கிறாரே, அது பேதுருவின் முதல் நிருபம், முதல் அதிகாரம், 7ஆம் வசனத்தின் சாயல். அக்கினியில் சோதிக்கப்படுகிற பொன்னைவிட விலையேறப்பெற்ற விசுவாசம் என்று வயதான காலத்தில் பேதுரு எழுதினான். அந்த எண்ணத்தை எங்கே கற்றான் என்பதற்கு இவர்கள் ஒரு இடம் காட்டியிருக்கிறார்கள். நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். அது மட்டும்.

எஸ்தர் அம்மா

ஐயா, நீங்கள் எடுத்துக் காட்டிய வசனத்திலேயே என் பதிலும் இருக்கிறது. பேதுரு அதை எப்போது எழுதினான்? பல வருடங்கள் கழித்து. சிறையிருந்து, அடிபட்டு, ஆண்டவரை மறுதலித்து, திரும்பி வந்து, எல்லாம் கண்ட பிறகு. அப்போது அவன் சொன்னால் கேட்கலாம், அவன் பட்டவன். குழந்தை போன அதே மாதத்தில் அதையே அவன் முகத்துக்கு நேரே சொன்னால் எப்படி இருக்கும்?

எனக்கு அந்த வசனங்களுக்குப் பிறகு வருகிற பகுதிதான் சரியாகப்பட்டது. படகுக்குள் வந்த பிறகு அவர் விளக்குவதைக் குறைத்துக்கொள்கிறார். இவன் கட்டிப்பிடித்து அழுகிறான், அவர் பிடித்துக்கொண்டே இருக்கிறார். கையைப் பாருங்கள். சீமோனின் விரல்கள் அவருடைய ஈர அங்கியைக் கசக்கிப் பிடித்திருக்கின்றன. மற்ற சீஷர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வேறு பக்கம் பார்க்கிறார்கள். அந்தச் சங்கடம் உண்மையானது. துக்க வீட்டில் ஆண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒளியும் ஒலியும்

அக்கா, தண்ணீர்மேல் நடந்த உரையாடலை முழுவதும் வெட்டியிருந்தாலும் காட்சி நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்களா?

எஸ்தர் அம்மா

அவன் பேசுகிறதை வெட்டக் கூடாது. "நான் உம் கண் முன்னாலேயே இருந்தேனே" என்கிற மாதிரி கத்துகிறான் பாருங்கள், அது வேண்டும். அவருடைய பதிலில் பாதியை வெட்டலாம்.

மருதநிலத்தான்

நான்காம் சீசனில் தோமாவுக்கு நடப்பதைப் பார்த்தால் எஸ்தர் அம்மா இன்னும் கோபப்படுவார். சீமோனுக்காவது கட்டிப்பிடிக்க ஆள் கிடைத்தது. தோமாவுக்கோ மூன்றாம் எபிசோடில்

தென்கரைக்காரி

அண்ணா, நிறுத்துங்கள்! இங்கே மூன்றாம் சீசன் மட்டும்தான். அதற்கு வேறு இழை தொடங்கலாம்.

மருதநிலத்தான்

சரி, நிறுத்திவிட்டேன். ஆனால் கற்பனைச் சேர்க்கை என்று பழைய ஏற்பாடு ஐயா சொல்வது அங்கே போனால் பத்து மடங்காகும். தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

பழைய ஏற்பாடு

பார்த்துவிட்டேன். குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

கீழைக்காற்று

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் ஆலயப் பெண்கள் ஐக்கியத்தில் இந்த எபிசோடைப் போட்டுக் காட்டலாம் என்று ஒரு யோசனை. தொடரின் செயலியில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதால் செலவு இல்லை. முழு எபிசோடும் மிக நீளம். எங்கே தொடங்கி எங்கே நிறுத்தலாம்? பாஸ்டர் அம்மா முடிவில் பத்து நிமிடம் செய்தி கொடுப்பார்.

ஒளியும் ஒலியும்

ஆசாப் வருகிற முதல் காட்சியைக் கட்டாயம் போடுங்கள். பிறகு நேரே அப்பம் பங்கிடும் இடம். அங்கிருந்து முடிவு வரை நிறுத்தாதீர்கள். ஆனால் கரு கலைந்தது என்ன என்று புரிய வேண்டுமானால் முந்தைய எபிசோடுகளிலிருந்து வீட்டுக் காட்சி ஒன்றையாவது முன்னால் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சீமோன் ஏன் கத்துகிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பழைய ஏற்பாடு

காட்டுவதற்கு முன் மத்தேயு 14:22 முதல் 33 வரை ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். எது வசனம், எது கதை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன காட்டினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

எஸ்தர் அம்மா

ஐயா சொன்ன மாதிரி முதலில் வாசியுங்கள், நல்லதுதான். பாஸ்டர் அம்மாவின் செய்தியை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். படம் முடிந்த கையோடு யாரும் மைக்கைப் பிடிக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஈடன்கள் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். டீயைக் கொடுத்து விட்டுவிடுங்கள், அவர்களே பேசுவார்கள்.

கீழைக்காற்று

பாஸ்டர் அம்மாவிடம் இதை யார் சொல்வது என்பதுதான் இப்போது என் பிரச்சினை.